கதவோரக் கைப்பிடி

அன்புள்ள குண்டூசிக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சௌக்கியம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். போனில் உன் குரல் எனக்குப் பிடிக்கவே இல்லை. ஒரு புதுக் காரின் உள்பக்கம் முழுவதையும் வடிவமைக்கிற வேலையை உன்னை நம்பி ஒப்படைத்திருக்கிறார்கள், அது சின்ன விஷயமா? நீயோ, பின்சீட்டுக் கதவோரம் நீ வைத்த கைப்பிடி அழகைக் கெடுக்கிறது என்று உன் மேலதிகாரி சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாய், கடைசியில் போனால் போகிறது, வியாழக்கிழமை மீட்டிங்குக்கு முன்னால் எடுத்துவிடுகிறேன் என்றும் சொல்லிவிட்டாய். அதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

நீ லீவில் வந்தபோது கூடத்தில் நாற்காலிகளைப் போட்டு அட்டையில் கதவும் கூரையும் வெட்டி ஒரு வண்டி கட்டினாயே, அதை நாங்கள் இன்னும் பிரிக்கவில்லை. வருகிறவர்கள் எல்லாம் வீட்டுக்குள்ளேயே கார் வாங்கிட்டீங்களான்னு கிண்டல் பண்ணுகிறார்கள். அப்பா பேப்பர் படிப்பதே அதில்தான். கைப்பிடிக்குப் பதிலாக அலமாரியோடு சேர்த்து நீ இறுக்கிக் கட்டிய துடைப்பக்கட்டையைப் பிடித்துக்கொண்டு ஏறுவார், இறங்குவார், நான் கை கொடுக்கப் போனால் முறைப்பார். போன ஞாயிறு உன் சித்தப்பா புது வண்டி பார்க்க ஷோரூமுக்குப் போனார், நாங்களும் தொற்றிக்கொண்டோம். அப்பா பெரிய மனுஷத் தோரணையில் பின்சீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். இறங்கும்போதுதான் வந்தது வினை. பேச்சு சுவாரஸ்யத்தில் அதை நம் அட்டை வண்டி என்றே நினைத்துவிட்டார், நீ பிடி வைத்த இடத்துக்குக் கையை நீட்டி மொத்த பாரத்தையும் போட்டார், அங்கே ஒன்றும் இல்லை. வண்டி காட்டிய பெண்மேல் சாய்ந்தார், அவள் கையிலிருந்த காபி முழுக்க சித்தப்பாவின் வெள்ளைச் சட்டைக்குப் போனது. அடி எதுவும் படவில்லை, பயப்படாதே. நானும் சித்தப்பாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை, அந்தப் பெண்ணிடம் கோபமாக, பிடிய எங்கம்மா எடுத்துட்டீங்க, என் பொண்ணு வண்டில இங்கதானே இருக்குன்னு கேட்டார். அவள் திருதிருவென்று முழித்தாள். எனக்குச் சிரிப்பு நின்று கண் கலங்கிவிட்டது. ரோட்டுக்கே வராத வண்டிக்கு உன் அப்பாவின் கை பழகிவிட்டது.

இதை அப்படியே வியாழக்கிழமை அவர்களிடம் சொல். அழகு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பிடியை மெலிதாக்கு, தோல் போர்த்து, நிறத்தை மாற்று, அது உன் சாமர்த்தியம், ஆனால் எடுக்கிற பேச்சே வேண்டாம். உன் மேலதிகாரிக்கும் முழங்கால் இருக்கிறது, அவருக்கும் வயசாகும். சின்ன வயசில் சோபாவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கக் குண்டூசியால் குத்திக்கொண்டே இருந்தவள், எத்தனை அதட்டியும் விடாதவள், நீயா இதற்கு அசருவாய்? சித்தப்பா அந்த வண்டியை வாங்கவில்லை. அண்ணன் இறங்க முடியாத வண்டி எனக்கெதுக்கு, நம்ம பொண்ணு வண்டி வரட்டும் என்று பழைய வண்டிக்கே புது டயர் மாட்டிவிட்டார். அவரை ரொம்ப நாள் காக்க வைக்காதே.

நீ நினைத்தது நடக்கும், தீர்க்காயுசாக இரு. மீட்டிங் அன்று வெறும் வயிற்றோடு போகாதே.

இப்படிக்கு,
உன் அம்மா

பி.கு.: அப்பா ஒன்று சேர்த்து எழுதச் சொல்கிறார். வண்டி வெளியே வருவதற்குள் அந்தப் பிடியை ஒரு விரல் அகலம் கீழே இறக்கி வைக்க வேண்டுமாம்.