லெக் கார்டும் சாரி கார்டும்

பெஹாலா, கல்கத்தா
9.8.1998

அன்புள்ள மகேஸ்வரிக்கு,

நீயும் நம் ரஞ்சனாவும் சுகம்தானே? அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா? எனக்கு ஒன்றுமில்லை, அலுப்புதான்.

செவ்வாய்க்கிழமை துறைமுக ஆபீசிலிருந்து திரும்பும்போது நல்ல மழை. டிராம் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கி, பைக்கோடு இடப்பக்கம் சாய்ந்துவிட்டேன். முழங்காலில் சிராய்ப்பு மட்டும்தான், பயப்படாதே. பின்னால் வந்த பஸ்ஸும் நின்றுவிட்டது.

மறுநாளே மெக்கானிக் தபனிடம் போய் முன்னால் லெக் கார்டு மாட்டச் சொன்னேன். கனமான கம்பி. இனி விழுந்தாலும் கால் வண்டிக்கடியில் சிக்காது. அவன் பின்சக்கரத்தில் சேலை சிக்காமலிருக்க மாட்டிய, இப்போது நசுங்கிக் கிடந்த சாரி கார்டைக் காட்டி, "அண்ணா, மூணு வருஷமா பின்னாடி யாரும் உக்காந்து நான் பாத்ததில்ல. இதைக் கழட்டிட்டு ஒரு பெட்டி வச்சுத் தரேன். ரெயின்கோட், டிபன் எல்லாம் வச்சுக்கலாம்" என்றான்.

அவன் சொன்னது நியாயம்தான். கழற்ற போல்ட்டில் ஸ்பேனரையும் வைத்துவிட்டான். "வேண்டாம், நிமிர்த்தி மட்டும் கொடு" என்றேன். அவன் சுத்தியலால் தட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

மாற்றல் இந்த வருஷமும் வரவில்லை. காலாண்டுப் பரீட்சை லீவுக்கு நீங்கள் இருவரும் வர முடியுமா? வந்தால் பருப்புப்பொடி கொண்டுவா. வர முடியாதென்றால் அதை உடனே எழுதிவிடாதே. கொஞ்ச நாள் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது.

உன்
சிவராஜ்