கிழக்கே போகும் காற்று

மார்ச் 3
இன்று முழுவதும் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்றாலையைக் கடந்ததும் காற்று களைத்துப்போய், சுழன்று சுழன்று பின்னால் நீளும். திரையில் அது நீல நிறம். அலுவலகத்தில் அதற்கு வால் என்றுதான் பெயர். ஒரு நிமிடக் காற்றைக் கணக்கிட்டு முடிக்கக் கணினி ஐந்து மணி நேரம் எடுக்கிறது. அதுவரை பார்ப்பதுதான் என் வேலை. "காத்தை வேடிக்கை பாக்க சம்பளம் வாங்குற ஒரே ஆள் நீதான்" என்கிறாள் தங்கை. பொறாமை.

மார்ச் 4
தங்கை கூடத்தைக் கடந்து போனாள். போன பிறகும் சன்னல் திரை கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்தது. அவளுக்கும் வால் இருக்கிறது. சொன்னேன். எனக்கு மறை கழன்றுவிட்டதாம்.

மார்ச் 9
அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். பழைய காற்றாலைக்கு மேற்கே, முந்நூறு மீட்டர் தள்ளிப் புதியது வரும். அதன் வால் வெறும் பொட்டலில் விழும், பழையதைத் தொடாது. பழையது சின்னது, அதன் வால் புதியதை எட்டும் முன்பே அடங்கிவிடும். 22ஆம் தேதி கான்கிரீட் கொட்டுகிறார்கள். இது நல்லபடியாக முடிந்தால் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு என்றார் தலைவர். நான்கு வருடமாக இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் காத்திருந்தேன் என்பது, கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

மார்ச் 16
பழைய காற்றாலையின் மெக்கானிக்கோடு போனில் பேசினேன். அங்கே அளவுகருவி பழுதாகிக் கிடந்த நான்கு மாதமும் காற்றின் திசையைத் தாளில் எழுதி அனுப்பியவர் அவர்தான். ஒரே இரைச்சல். காற்றா என்று கேட்டேன்.

"ஆமா மேடம், கிழக்கே அடிக்குது. மேற்கப் பாத்து நின்னா கண்ணு பூரா மண்ணு."

நன்றி சொல்லி வைத்துவிட்டேன். டீ ஆறிப்போன பிறகுதான் உறைத்தது. மேற்கே பார்த்தால் கண்ணில் மண் என்றால், காற்று மேற்கிலிருந்து வருகிறது! அவர் காற்று போகும் பக்கத்தை எழுதியிருக்கிறார். நாங்கள் எழுதுவது வரும் பக்கத்தை. தாள் தாளாகக் 'கிழக்கே', 'கிழக்கே'. நான் எல்லாவற்றையும் கிழக்குக் காற்று என்று கணினிக்குள் போட்டேன். கடைசியில் இருந்த அந்த 'ஏ'யை நான் படிக்கவே இல்லை.

மார்ச் 17
திசையைத் திருப்பிப் போட்டு ஓடவிட்டேன். அழகாக இருந்தது, அதுதான் கொடுமை. புதியதன் வால் மெல்ல மெல்லக் கிழக்கே நீண்டு, பழையதன் இறக்கைகளைச் சுற்றிக்கொண்டது. அந்தக் கலங்கிய காற்றில் பழையது உதறிக்கொண்டே இருக்கும். வருஷக்கணக்கில் உதறினால் என்றைக்காவது ஏதாவது உடையும். அந்த மனிதர் வாரம் மூன்று நாள் அதில் ஏறுகிறார்.

மார்ச் 18
சொல்லவில்லை.

மார்ச் 19
இன்றும் சொல்லவில்லை. என்ன பொம்பளை நான்? ஒண்ணும் ஆகாமலே போயிடலாம் இல்லையா — ஆயிடுச்சுன்னா?

சாப்பிடும்போது தங்கையிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கிண்டல் செய்யவில்லை. வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டாள். யாருக்கும் தெரியாது என்றேன்.

"அப்போ உனக்கு மட்டும்தான் தெரியும்" என்றாள்.

மார்ச் 20
சொல்லிவிட்டேன். தலைவர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பழியைத் தாள் எழுதியவர் மேல் போட்டுவிடலாமா என்றார்.

"அவர் சரியாத்தான் எழுதியிருக்கார் சார். நான்தான் தப்பாப் படிச்சேன்."

கான்கிரீட் நின்றது. பொறுப்பு வேறொருவருக்குப் போகிறது. அழுகை வந்தது, அழுதேன். பிறகு வீடு வரை நடந்தே வந்தேன். எனக்குப் பின்னால் காற்று நீளமாக இழுபட்டு வருவது போலவே இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

அக்டோபர் 11
புதியதை வேறிடத்தில் நட்டாயிற்று. காற்றை அளக்க என்னை இங்கே அனுப்பியிருக்கிறார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. இத்தனை வருடம் காற்றோடு குடித்தனம் நடத்தியவள், இந்தப் பொட்டலில் இன்றுதான் முதல்முறை நின்றேன். கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். இதற்கு நிறமே இல்லை.

மெக்கானிக் வந்தார். ஆபீசில் யாரோ தப்புக் கணக்குப் போட்டு ஆறு மாதம் இழுத்தடித்ததாகக் குறைப்பட்டுக்கொண்டார்.

"அது நான்தான் அண்ணே."

அவர் சிரித்துவிட்டார். பழையதில் ஏறப் போனவர், மேலே கொண்டுபோனால் விழுந்துவிடும் என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவர் உச்சிக்குப் போய்ச் சேர்ந்த நேரம் அது அடித்தது. திரையில் 'வீடு' என்றிருந்தது. எடுத்தேன். ஒரு பெண் குரல், அவர் எங்கே என்று கேட்டது.

"மேல இருக்கார். நல்லா இருக்கார். இறங்கினதும் பேசச் சொல்றேன்."

சொல்லிவிட்டு, அவர் இறங்கும் வரை அங்கேயே நின்றேன்.