பெனியின் வழி, சேலையூர் முதல் திருச்சி வரை

நவம்பர் 13, வியாழன்

இவ்வளவு நேரம் கழித்து உம்மிடம் வருவதற்கு மன்னியும், ஆண்டவரே. சின்னவன் குட்டிக்கு இப்போதுதான் காய்ச்சல் இறங்கியது. வெளியே தூறல்.

சனிக்கிழமை அப்பாவும் மகளுமாகச் சாமும் ஜெனியும் மட்டும் காரில் கிளம்புகிறார்கள். நானும் குட்டியும் வீட்டில். திருச்சி வரைக்கும் பழைய ட்ரங்க் ரோட்டிலேயே போக வேண்டுமாம், வெள்ளைக்காரன் காலத்து மைல்கல் பார்த்துக்கொண்டே. எண்ணுவது ஜெனியின் வேலை. யூகேஜி, நூறு வரை தெரியும்.

வழி போடுவது என் பொறுப்பு. மேப் பிடிவாதம் பிடிக்கிறது. எங்கே விட்டாலும் பைபாஸுக்கே ஓடுகிறது. ஊருக்கு ஊர் ஒரு புள்ளி வைத்துப் பழைய ரோட்டுக்கு இழுத்து வர வேண்டியிருக்கிறது.

"அந்தப் பொண்ணுகூட எதுக்குச் சண்டை போடுற?" என்கிறார் சாம். வழி சொல்லும் குரலைத்தான்.

வாங்க வேண்டியது: வாந்தி மாத்திரை, பவர் பேங்க், ரஸ்க். டயர் காற்று பார்க்கச் சொல்லணும்.

நவம்பர் 14, வெள்ளி

மத்தியானமே கறுத்துவிட்டது. கேம்ப் ரோடு முழுக்கத் தண்ணீர். குழந்தைகள் தினம். ஜெனி நசுங்கிய ரோஜாவோடு வந்தாள்.

"ஏங்க, அடுத்த வாரம் போகலாமே."

"ரெண்டு வருஷமா அடுத்த வாரம்தான் சொல்ற."

உண்மைதான். லிஃப்ட், கேஸ் அடுப்பு, நாய், எல்லாவற்றுக்கும் பயந்தவள். நிஜமாகவே பயம் வந்தால் யார் நம்புவார்கள்.

"டாடி, மழையில மைல்கல் நனையுமா?"

"நனையட்டும். அது குளிச்சு நாளாச்சு."

டவர் இல்லாவிட்டாலும் பேசும்படி வழியை அவர் ஃபோனில் இறக்கிக் கொடுத்தேன்.

நவம்பர் 15, சனி

விடிவதற்குள் ஜெபம் பண்ணிக் கிளம்பினார்கள். ராத்திரி முழுக்க மழை.

எதிர்வீட்டு மேரி அக்கா குட்டியைப் பார்க்க வந்தார். மதுராந்தகம் பக்கம் பேங்கில் இருந்தவர். பெருமைக்கு வழியைக் காட்டினேன்.

"இங்க ஏன் உள்ள விட்ட?"

"பழைய ரோடுக்கா. பாலம் இருக்கே."

"பாலம் இல்ல பெனி, தரைப்பாலம். இந்த மழைக்குத் தண்ணி அதுமேலதான் போகும். ஊர்க்காரங்களே சுத்திக்கிட்டுப் போவாங்க."

மேப்பில் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு கோடு. எவ்வளவு உயரம் என்று கோடு சொல்லாது. அந்தப் பெண் பைபாஸில்தான் போகச் சொன்னாள். நான்தான் விடவில்லை.

கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. 'தண்ணில இறங்காதீங்க, திரும்புங்க' என்று மெசேஜ். ஒரு டிக்தான், போய்ச் சேரவில்லை. புள்ளியை அழித்தேன். அழித்து என்ன, அவர் ஃபோனில் அப்படியே இருக்கும்.

லைவ் லொகேஷனில் நீலப் புள்ளி ஆற்றுக்கு இந்தப் பக்கம். நகரவில்லை. நின்றுவிட்டார்களா, இல்லை டவர் போய்ப் பழைய இடத்தையே காட்டுகிறதா. ஜெனி தண்ணீரைக் கண்டால் கண்ணாடியை இறக்கிக் கை நீட்டுவாள். நேராகச் செல்லவும் என்று அந்தக் குரல் சொல்லிக்கொண்டிருக்கும், நான் சொல்லிவைத்தபடி.

குட்டி அழுகிறான். மடியில் போட்டுக்கொண்டு நீலப் புள்ளியையே பார்க்கிறேன்.

அந்த டிக் ரெண்டாகட்டும், ஆண்டவரே. வேறெதுவும் கேட்கவில்லை. சீக்கிரம் பதில் தாரும்.