பெரியப்பா என்று கூப்பிட்ட வீட்டுப் பெண்

அரூர்
பங்குனி 5

சிரஞ்சீவி பூவரசனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, மாடு இரண்டும் சுகம், என் வலது கால் ஒன்றுதான் சுகமில்லை. அங்கே அந்தக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பு கெடாமல் இருக்க தீர்த்தமலை ஈசுவரன் பார்த்துக்கொள்ளட்டும்.

பொங்கலன்று நீ சொன்னதைக் கேட்டுப் பாதியில் போனை வைத்தவன் இப்போது கடிதம் எழுதுகிறானே என்று நினைப்பாய். போனில் பேசினால் கத்திவிடுவேன், அது எனக்கே தெரியும். புளி உலுக்கப் போன இடத்தில் வரப்பில் கால் பிசகி விழுந்ததும் ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டதும் உன் அம்மா சொல்லியிருப்பாள். நான் எழுத வந்தது வேறு. படுத்துக் கிடக்கிறவருக்குப் பொழுது போகட்டும் என்று நம் ஊர் நூலகத்துச் சுகுணா என்னை வாட்ஸப்பில் ஒரு கூட்டத்தில் சேர்த்துவிட்டது. என்னோடு பதினொரு பேர் சேர்ந்து ஒரே கதையை எழுதுகிறார்கள். ஒருவர் ஒரு பகுதி எழுதிவிட்டு விடுவார், அடுத்தவர் அங்கிருந்து தொடர வேண்டும், ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழிக்கக் கூடாது, அதுதான் சட்டம். யாரும் யாரையும் பார்த்ததில்லை. எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டேன், பாதிப் பேர் பதிலே சொல்லவில்லை. பூனைப் படம் வைத்திருந்த ஒருவரைப் பத்து நாளாகத் தம்பி, தம்பி என்றே கூப்பிட்டு வந்தேன், கடைசியில் பார்த்தால் அது சிங்கப்பூரில் இருக்கிற ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை, என்னைவிட இரண்டு வயது மூத்தது. ஆள் யார் என்றே தெரியாமல் எப்படிப்பா சேர்ந்து கதை எழுதுகிறார்கள், எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கதை என்னவென்றால், மாதவராஜ் என்று ஒரு பையன் வேலை விஷயமாக மொரப்பூர் ஸ்டேஷனில் வந்து இறங்குகிறான், அது சுகுணா எழுதியது. மூன்றாம் பகுதியில் அந்தப் பூனைக்காரம்மா அவனை ஒரு வீட்டில் சாப்பிட உட்காரவைத்து, வீட்டுக்காரரைப் பெரியப்பா என்று கூப்பிட வைத்தது. சரி, நல்ல பழக்கம் என்று நினைத்தேன். ஒன்பதாம் பகுதியில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வந்தார். அந்த வீட்டுப் பெண் மலர்விழிக்கும் மாதவராஜுக்கும் காதல் என்றார், கல்யாணத்துக்குத் தேதியும் குறித்துவிட்டார். எல்லாரும் சிவப்பு இதயமாகப் போட்டுத் தள்ளுகிறார்கள். எனக்கு மாவுக்கட்டுக்குள் கால் துடிக்கிறது. பெரியப்பா மகள் என்றால் தங்கச்சி முறையடா! மற்ற பத்துப் பேரில் ஒருத்தருக்குமா இது தெரியவில்லை? அரூர் சுற்று வட்டாரத்தில் எந்தக் கல்யாணமானாலும் முறை சரிதானா என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் தாம்பூலம் மாற்றுவார்கள், உனக்குத் தெரியும். நாலு நிமிஷம் பேசி அனுப்பினேன். அது சும்மா மரியாதைக்குக் கூப்பிட்டது ஐயா என்றார்கள். அப்படியானால் அதை மாமா என்று மாற்றுங்கள் என்றேன், எழுதியதை மாற்றக் கூடாதே என்றார்கள். கடைசியில், பத்தாம் பகுதி உங்களுடையது, நீங்களே முறையைச் சரிசெய்யுங்கள் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

எட்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். முதலில் பையனை ரயிலேற்றித் திருப்பி அனுப்பினேன். படித்துப் பார்த்தால் அந்தப் பெண் ஸ்டேஷனில் தனியாக நிற்கிறது, மனசு கேட்கவில்லை. அழித்தேன். யாரோ முகம் தெரியாதவர்கள் உண்டாக்கின பிள்ளைகளுக்காக எனக்குச் சோறு இறங்கவில்லை, சிரிக்காதே. உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். எட்டாம் நாள் அரிவாள்மணையை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, "இல்லாத பையனுக்கு எட்டு நாளா வழி தேடறீங்க. நம்ம வூட்டுப் பையனுக்கு ஒரு நாள் தேடுனீங்களா?" என்றாள். அவ்வளவுதான், எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு எழுந்து நடக்க முடிந்திருந்தால் எங்கேயாவது போயிருப்பேன். கால் இப்படி, எங்கே போவது? அங்கேயேதான் கிடந்தேன்.

மறுநாள் காலையில் எழுதி முடித்தேன். மலர்விழியின் அம்மா தீர்த்தமலைப் பக்கம் பிறந்தவள், மாதவராஜின் அப்பாவைச் சின்ன வயதிலிருந்தே அண்ணன் என்று கூப்பிட்டவள், அப்படிப் பார்த்தால் மலர்விழி அவனுக்கு அத்தை மகள், அவன் பெரியப்பா என்றது விவரம் தெரியாமல் சொன்னது. தாய் வழியில் போனால் எங்காவது ஒரு வழி திறக்கும், எத்தனை கல்யாணத்தில் நானே திறந்துவிட்டிருக்கிறேன். பத்துப் பேரும் கைதட்டினார்கள். எனக்குத்தான் சந்தோஷமே வரவில்லை.

ஏனென்றால் அதற்குப் பிறகு உன் விஷயத்தையும் அதே மாதிரி எடுத்து வைத்துப் பார்த்தேன். நீ கட்டிக்கொள்வேன் என்கிற பெண் கன்னட தேசத்து ஹாசன் பக்கம், பாஷை வேறு, சனம் வேறு, அப்பன் வழியில் போனாலும் ஆத்தாள் வழியில் போனாலும் நம்மோடு எங்கேயும் வந்து முட்டவில்லை. அதைத்தான் இரண்டு மாதமாகக் குற்றம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது குழம்பிப்போய்க் கிடக்கிறேன். தப்பான முறை என்றால் இது தப்பு என்று எழுந்து நின்று சொல்வேன், எவனுக்கும் பயப்பட மாட்டேன். இங்கே முறையே இல்லை. இல்லாத ஒன்றை எப்படித் தப்பு என்று சொல்வது, எனக்குத் தெரியவில்லை பூவரசா. அறுபது வயதில் இந்த ஒரு விஷயம்தான் எனக்கு நன்றாகத் தெரியும் என்று இருந்தேன், அதிலேயே தடுமாறுகிறேன். உன்மேல் இன்னும் கோபம் இருக்கிறது. பொங்கலன்று நீ பேசப் பேசப் போனை வைத்துவிட்டேனே என்பதும் இருக்கிறது.

நான் சரி என்று சொல்லிவிட்டதாக எடுத்துக்கொள்ளாதே. ஒன்று மட்டும் கேட்டு எழுது. அந்தப் பெண் நம் வாசலில் வந்து நின்றால் என்னை என்ன என்று கூப்பிடும்? அங்கிள் என்றால் நான் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். அவர்கள் பாஷையில் மாமனாரை மாவ என்பார்கள், ராகி வாங்க வருகிற கன்னடக்காரர் சொன்னார். அது எனக்குக் கேட்டால் புரியும். இந்தக் கடிதத்தை அந்தப் பெண்ணுக்குப் படித்துச் சொல், கத்தியிருக்கிற இடங்களைக் கொஞ்சம் குறைத்துப் படி.

காலுறை போடாமல் வெளியே போகாதே. சித்திரையில் கட்டுப் பிரித்திருப்பார்கள், நடந்து வந்து மொரப்பூரில் நிற்பேன், வருவதானால் எத்தனை டிக்கெட் என்று முன்கூட்டியே சொல். உனக்கும் சைத்ராவுக்கும் என் ஆசீர்வாதம். பெயரை எழுதிவிட்டேன் என்று உன் அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே, ஜெயித்துவிட்டதாகச் சிரிப்பாள்.

உன் அப்பா,
அர்ச்சுனன்