வெறும் வயிற்று ரத்தம்

ஆகஸ்ட் 11
முடிவு வந்துவிட்டது. மாரடைப்பு அதிகமாக இருக்கும் காஞ்சிபுரம் டவுனில், முகாம் வைத்து எடுத்த ரத்தத்தில் சில கொழுப்புகள் ஏகத்துக்கு ஏறியிருக்கின்றன. அது குறைவாக இருக்கும் பக்கத்துக் கிராமம் முசரவாக்கத்தில் எடுத்ததில் அவை இல்லவே இல்லை. ஒரு சொட்டு ரத்தத்திலிருந்து நூற்றுக்கணக்கான கொழுப்புகளை எடை பார்த்துச் சொல்கிறது எங்கள் மெஷின். தம்பி பிரேம்நாத் முப்பத்து நாலு வயதில் மாரடைப்பில் தறியிலேயே சாய்ந்து போனான். சாதாரண கொலஸ்ட்ரால் டெஸ்ட்டில் ஒன்றுமே காட்டவில்லை. இதில் காட்டியிருக்குமோ?
அவசரப்பட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன். காரணம் கிடைத்த மாதிரி இருக்கிறது என்றேன்.
"அப்ப நான் ஆக்கிப் போட்டதால இல்லியேம்மா?"
இல்லை என்றேன். போனிலேயே அழுதாள்.

ஆகஸ்ட் 12
வேணுகோபால் சார், லேபுக்குத் தலைவர், "கட்டுரை எழுத ஆரம்பிச்சிடலாம்மா சந்தியா" என்றார். நான்தான் ஒரு வாரம் கேட்டேன். மெஷின் சொல்வது எடையை மட்டும். எடை ஒன்றாக இருந்தும் வேறு வேறான கொழுப்புகள் ஏராளம். அந்த மூலக்கூறை மெஷினில் துண்டு துண்டாக உடைத்துப் பார்க்காமல் எது என்று எப்படிச் சொல்வது?

ஆகஸ்ட் 16
உடைத்தேன். பால் கொழுப்பு! நோயில் ஊறியது இல்லை, வாய்வழியாக உள்ளே போனது. எல்லோரும் வெறும் வயிறு என்றுதானே சொன்னார்கள்?

ஆகஸ்ட் 18
வீட்டுக்குப் போனேன். அம்மாவும் டவுன் முகாமில் ரத்தம் கொடுத்தவள்தான்.
"அன்னிக்கு சாப்ட்டுட்டா வந்த?"
"சத்தியமா இல்லம்மா. வெள்ளிக்கிழமையாச்சேன்னு கோயிலுக்குப் போயிட்டு வந்தேன். இட்லி பிரசாதம் குடுத்துக்கினு இருந்தாங்க, எல்லாரும் வாங்கி வாயில போட்டுக்கினுதான் வந்தோம்."
"அது சாப்பாடு இல்லியா?"
"பிரசாதத்தப் போயி சாப்பாடுன்னு சொல்லுவாங்களா?"
மிளகு, சீரகம், கை வழிய நெய். கோயில் தெருவில் வெள்ளிக்கிழமை காலையில் முகாம் வைத்தவள் நான். இந்த ஊரில் பிறந்தவள். அம்மாவிடம் கத்திவிட்டு வந்துவிட்டேன். அவள் மேல் என்ன தப்பு?

ஆகஸ்ட் 19
சாரிடம் சொன்னேன். "திரும்ப எடுப்போம்" என்றார். அவ்வளவுதான்.

செப்டம்பர் 3
மறு முகாம், புதன்கிழமை. வாசலிலேயே ஒவ்வொருவரிடமும் கேட்டேன்: "பிரசாதம் எதுனா வாங்கினீங்களா?" சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செப்டம்பர் 26
டவுனும் முசரவாக்கமும் ஒன்றுபோல வந்திருக்கின்றன. அந்த ஏற்றம் மொத்தமாகப் போய்விட்டது. பிரேம் ஏன் போனான் என்று எனக்குத் தெரியாது.
சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். காலையில் கோயிலிலிருந்து கொண்டுவந்த இலையைப் பிரித்து, இட்லியை, பிரேம் இருந்தபோது போலவே, மூன்றாகப் பிய்த்தாள். ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு. மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்:
"இதுல நெய் ரொம்பவாம்மா?"