உயரம் 12 செ.மீ.

மார்ச் 2

அன்பு டீச்சருக்கு,

நலமாக இருக்கிறேன். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். இதற்கு மேல் என்ன எழுதினாலும் இங்குள்ள அதிகாரி பேனாவால் அடித்துவிடுகிறார். போன கடிதத்தில் ஏதோ ஒரு வரி முழுக்கக் கறுப்பாக வந்தது என்று கேட்டிருந்தாய். மத்தியானச் சாப்பாட்டைப் பற்றித்தான் எழுதியிருந்தேன்.

வினாத்தாள் அச்சடிக்கிற இடத்தில் வேலை, கடைசித் தேர்வு முடியும்வரை வெளியே வர முடியாது என்றபோது, பள்ளிக்கூடச் சத்தத்திலிருந்து கொஞ்சநாள் தப்பிக்கலாமே என்று தலையாட்டிவிட்டு வந்தேன். இப்போது ஒரு மணிச் சத்தம் கேட்காதா என்று ஏங்குகிறேன். ஜன்னல்களுக்குப் பலகை அடித்திருக்கிறார்கள். போனை வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள். ஒரே கூடத்தில் வரிசையாகக் கட்டில்கள். பக்கத்துக் கட்டில் தமிழய்யா தூக்கத்திலும் இலக்கணம் நடத்துகிறார்.

என் வேலை படிப்பதுதான். கணக்குத் தாளைத் திரும்பத் திரும்பப் படித்துப் பிழை பார்த்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட வேண்டும். கண் பூத்துப்போகிறது. கண்ணாடியை மாற்றிக்கொண்டு போங்கள் என்று நீ எத்தனை தடவை சொன்னாய். நான் கேட்டால்தானே.

குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறதா?

உன்,
வாத்தியார்


மார்ச் 6

அன்புள்ள வாத்தியாருக்கு,

குழாய் ஒழுகவில்லை. நீங்கள் மூன்று ஞாயிற்றுக்கிழமை மல்லுக்கட்டியதைக் குழாய்க்காரர் ஒரு வாஷர் போட்டு முடித்துவிட்டார். உங்களைப் பற்றி நல்லவிதமாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

ஒரு சேதி. எங்கள் தேர்வு மையத்துக்கு என்னையே முதன்மைக் கண்காணிப்பாளராகப் போட்டுவிட்டார்கள். "எங்க வீட்டுக்காரர் உள்ள இருக்கார் சார், வேற யாரையாவது போடுங்க" என்று கல்வி அதிகாரியிடம் நேரிலேயே போய்ச் சொன்னேன். அவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "வேற யாரு இருக்கா டீச்சர்? அவர் உள்ள, நீங்க வெளிய. நடுவுல சுவர் இருக்குல்ல? அப்புறம் என்ன?"

சரி என்று வந்துவிட்டேன். பெஞ்சுகளில் எண் ஒட்டுகிறோம். மின்விசிறிகளில் பாதி சுற்றுகிறது, பாதி சுற்றுவதாக நடிக்கிறது. நீங்கள் இல்லாத வீட்டில் எனக்கு ஒருத்திக்காக உலை வைக்கவே சோம்பலாக இருக்கிறது. இதையும் அதிகாரி அடிப்பாரோ என்னவோ.

உங்கள்,
டீச்சர்


மார்ச் 12

அன்புள்ள வாத்தியாருக்கு,

கணக்குத் தேர்வு முடிந்துவிட்டதால் இந்தக் கடிதத்தை அதிகாரி அடிக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

தாள் கொடுத்துக் கொஞ்ச நேரத்திலேயே, புதிதாக வேலைக்குச் சேர்ந்த அறிவியல் டீச்சர் மூச்சிரைக்க ஓடிவந்தாள். "மேடம், கூம்பு கணக்குல உயரம் இல்ல மேடம்!" வாங்கிப் பார்த்தேன். ஆரம் 5 செ.மீ. என்று இருக்கிறது. பக்கத்தில் உயரம், அப்புறம் செ.மீ. நடுவில் எண் இல்லை, வெறும் இடைவெளி. கட்டாயம் எழுத வேண்டிய பெரிய கேள்வி.

கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டேன். "உத்தரவு வரும், வெயிட் பண்ணுங்க" என்றார்கள். மறுபடி போட்டேன், அதே பதில். அறை அறையாகப் போனேன். பாதிப் பேர் அந்தக் கேள்வியிலேயே நின்றுவிட்டார்கள். முதல் பெஞ்சில் ஒரு பெண், அச்சு விட்டுப்போன இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு மட்டும்தான் தெரியலையா மிஸ்?" என்று கேட்டாள். கண்ணீர் விடைத்தாளில் சொட்டுகிறது.

தாளிலேயே பதில் இருந்தது. அதே கேள்வியின் முதல் பிரிவில், அந்தக் கூம்பின் கன அளவு 100π என நிறுவுக என்று கேட்டிருக்கிறது. ஆரம் தெரியும், கன அளவு தெரியும், உயரம் எங்கே போய்விடும்? ஒவ்வொரு அறையிலும் கரும்பலகையில் நானே எழுதினேன்: உயரம் 12 செ.மீ. பிள்ளைகள் மூச்சு விட்டது வராந்தாவரை கேட்டது.

பறக்கும் படை வந்தது அதற்குப் பிறகுதான். பலகையைப் பார்த்தார்கள். "யார் எழுதச் சொன்னா?" "நான்தான்." "உத்தரவு இன்னும் வரலையே." தேர்வு முடியப் போகிற நேரத்தில் உத்தரவு வந்தது. அதே 12. அவர்களில் ஒருவர் நிதானமாகக் கேட்டார்: "உங்க வீட்டுக்காரர் அச்சகத்துலதானே இருக்கார்?"

விடைத்தாள்களை சீல் வைத்துத் தனியாகக் கொண்டுபோய்விட்டார்கள். பதினெட்டாம் தேதி விசாரணை. தாள் வெளியானது என்று முடிவானால் எங்கள் மையத்துப் பிள்ளைகள் மட்டும் மறுபடி எழுத வேண்டுமாம். உங்களையும் கேட்பார்கள். உள்ளதைச் சொல்லுங்கள், போதும்.

அந்தப் பக்கத்தைப் படித்தது யார் என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்கப் பயமாக இருக்கிறது.

உங்கள்,
டீச்சர்


மார்ச் 15

டீச்சர்,

இது அதிகாரி கைக்குப் போகாமல் சமையல்காரர் மூலமாக வருகிறது. படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

அந்தப் பக்கத்தில் இருப்பது என் கையெழுத்துதான். எண் முதலிலேயே இல்லையா, பிறகு விழுந்ததா, எனக்கு நினைவில்லை. அன்றைக்கு எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. வெளியே சொல்லியிருந்தால் வேறு ஆளைப் போட்டிருப்பார்கள். சொல்லக் கூச்சமாக இருந்தது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். விசாரணையில் அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டாதே. தாளிலேயே பதில் இருந்தது என்று நீ நிரூபித்தால், அப்போது தாளைப் படித்தவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று அடுத்த கேள்வி வரும். பதற்றத்தில் ஏதோ குத்துமதிப்பாக எழுதிவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று சொல். உனக்கு ஓர் எச்சரிக்கையோடு போகும். எனக்கு வேலையே போய்விடும். பிள்ளைகள் இன்னொரு தடவை எழுதினால் என்ன குறைந்துவிடும்? இன்னும் நன்றாகப் படித்துவிட்டு எழுதுவார்கள்.

நாலு சுவருக்குள் உட்கார்ந்துகொண்டு உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

வாத்தியார்


மார்ச் 19

அன்புள்ள வாத்தியாருக்கு,

இதுவும் சமையல்காரர் கையில்தான் வருகிறது. நீங்கள் சொன்ன இரண்டில் ஒன்றைச் செய்துவிட்டேன், கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இன்னொன்றைச் செய்ய முடியவில்லை.

வாசல்வரை மன்னிப்புக் கேட்கிற எண்ணத்தோடுதான் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் ஒத்திகைகூடப் பார்த்தேன். விசாரணை அறைக்கு வெளியே பெற்றோர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதல் பெஞ்சுப் பெண்ணின் அப்பா தறிக்கூடத்து வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். எழுந்து நின்று, "ஒரு வாரமா அது சாப்பிடவே மாட்டேங்குது டீச்சர். இன்னொருவாட்டி எழுதச் சொன்னா எழுத மாட்டேங்குது" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

உள்ளே மூன்று பேர். "எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார்கள். மன்னிப்பு நுனி நாக்கில் இருந்தது. என் கை சாக்பீஸை எடுத்துவிட்டது. நாலே வரி. நடுவில் இருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "அட, தாள்லயே இருக்கே" என்றார். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அடுத்த கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். வந்தது. "அப்போ இதைப் பாத்து ஓகே பண்ணது யாரு?" என்னிடம் கேட்கவில்லை, காகிதக் கட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார். புரட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகளின் விடைத்தாள் திருத்தப் போய்விட்டது. யாரும் மறுபடி எழுத வேண்டாம்.

உங்களுக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே செய்தேன். வேலை போனால் போகட்டும், ஒரு சம்பளத்தில் இருந்துகொள்ளலாம். முதலில் கண் டாக்டரிடம் போகலாம். நீங்கள் வெளியே வருகிற நாளில் கேட் வாசலில் நிற்பேன். திட்டுவதானால் பஸ்ஸில் ஏறியதும் திட்டுங்கள்.

உங்கள்,
டீச்சர்


மார்ச் 28

டீச்சருக்கு,

நேற்று கடைசித் தேர்வு முடிந்தது. ஜன்னல் பலகைகளைப் பிடுங்கிவிட்டார்கள். எல்லோரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தமிழய்யா போகும்போது என் தோளைத் தட்டினார். என் விசாரணை முடியும்வரை நான் இங்கேயே இருக்க வேண்டுமாம். கட்டில் வரிசையில் என்னுடையதில் மட்டும் படுக்கை இருக்கிறது.

என்னைக் கேட்டார்கள். "இது உங்க கையெழுத்தா?" "ஆமாம் சார்" என்றேன். "உங்க மனைவிகிட்ட ஏதாவது சொன்னீங்களா?" "அவளுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல சார். என்னைவிட அவளுக்குக் கணக்கு நல்லா வரும்" என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

நீ செய்தது சரி. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் செய்திருக்க மாட்டேன். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. நீ தப்புச் செய்திருந்தால் உன்மேல் கோபப்பட்டுவிட்டு நாலு நாளில் சாப்பிட வந்து உட்கார்ந்திருப்பேன். இப்போது எந்த முகத்தோடு வந்து உட்காருவது?

தம்பிக்குச் சொல்லிவிட்டேன். இங்கிருந்து விட்டதும் அவன் வீட்டுக்குப் போகிறேன். எத்தனை நாள் என்று கேட்காதே, எனக்கே தெரியாது. கண்ணாடியை அங்கேயே மாற்றிக்கொள்கிறேன்.

நீ கேட் வாசலுக்கு வர வேண்டாம். வெயிலில் நிற்காதே.

வாத்தியார்