கண்ணாடி ஜன்னலுக்குக் கட்டிய கறுப்புக் கயிறு

பேர் வைக்கும் முன்னே கிளம்பிவிட்ட என் குட்டித் தங்கச்சிக்கு,

'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கத்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். உன் விஷயத்தில் அதில் பாதிதான் பொருந்தும். அதனால் நேரே செய்திக்கு வருகிறேன்.

உனக்கு ஒரு தம்பி பிறந்திருக்கிறான். உன்னை மாதிரியே அவசரக் குடுக்கை. "நம்ம வீட்ல பஸ்ஸுக்குக்கூட யாரும் நேரத்துக்குப் போனதில்ல, இதுங்க மட்டும் எப்படிப்பா முன்னாடியே வந்துடுதுங்க?" என்று கேட்டேன். அப்பா லேசாகச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

அதே ஆஸ்பத்திரி, அதே கண்ணாடிப் பெட்டி. அவன் கையிலும் நூல் மாதிரி ஒரு குழாய். நரம்பு வழியாக நெஞ்சு வரை போகிறதாம். பால் உறிஞ்சத் தெரியாத உடம்பு, சாப்பாடு அதில்தான். உனக்கும் சாப்பாடு அதில்தான் வந்தது. கிருமியும் அதில்தான் வந்தது.

"குழாய் வழியா ரத்தத்துல இன்ஃபெக்‌ஷன் ஏறிடுச்சு" என்று டாக்டரம்மா சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். "யார் கையிலேர்ந்து?" என்று அப்பா கேட்டார். அதைச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. அந்தச் செய்தி மர்பி டவுனில் நம் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் 'கண்ணு பட்டுடுச்சு' என்று ஆகிவிட்டது. கை செய்த வேலைக்குக் கண் என்ன செய்யும், பாவம்?

போன மாதம் ஒக்கலிபுரம் அத்தை, தம்பியைக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்க்கும் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்தாள். அம்மன் கோயில் கறுப்புக் கயிறு, நடுவில் வசம்பு, மேலே எண்ணெயும் குங்குமமும்.

"அண்ணி, இத அவன் கையில கட்டிடுங்க. போன தடவை கட்டல, என்னாச்சு பாத்தீங்கல்ல?"

அம்மா வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். உள்ளே போக அம்மாவுக்கு மட்டும்தான் அனுமதி.

"அம்மா, குழாய் போற கை அது. அந்த அழுக்கோட கட்டினா..."

"சும்மா இருடி. அவளுக்குக் கட்டியிருந்தா இன்னிக்கு நடந்துட்டிருப்பா."

இதற்கு என்ன பதில் சொல்வாய்? கிருமி என்றால் அம்மா காதில் ஏறாது. அத்தை பாஷையிலேயே இறங்கினேன்.

"அத்தை, கண்ணு எப்படிப் படும்?"

"நாலு பேர் பாத்தா படும்."

"அந்த நாலு பேரும் பாக்கறது இந்தக் கண்ணாடி ஜன்னல் வழியாத்தானே? அப்போ கயிறு இங்க இருக்கணுமா, அங்க இருக்கணுமா? திருடன் வர்றது வாசல்ல. நீங்க காவலைக் கொண்டுபோய்க் கட்டில்ல கட்றீங்களே!"

"பேஜார் புடிச்ச பொண்ணு, வக்கீல் வீட்ல பொறந்திருக்க வேண்டியது" என்றாள் அத்தை. ஆனால் யோசித்தாள்.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, கயிற்றை வராந்தாப் பக்கத்து ஜன்னல் கம்பியில் தானே கட்டினாள். கன்னடக்கார சிஸ்டர் எட்டிப் பார்த்து, "ஒளகே மாத்ர பேடா" என்று சொல்லிப் போனார். உள்ளே மட்டும் வேண்டாமாம். அம்மா முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

இப்போது அந்தக் கம்பியில் மற்றக் குழந்தைகளின் வீட்டார் கட்டிய தாயத்து, சிலுவை, எலுமிச்சம்பழம் எல்லாம் தொங்குகின்றன. சாமிகள் எல்லாம் வெயிட்டிங்கில்.

நடுவில் ஒரு நாள் அவன் சாம்பல் நிறமானான். மூச்சு விட்டு விட்டு வந்தது. உனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. ரத்தம் எடுத்துப் போனார்கள். ரிசல்ட் வரும்வரை நான் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. ரத்தத்தில் கிருமி இல்லை என்றார்கள்.

இன்று காலை குழாயை எடுத்துவிட்டார்கள். பால் குடிக்கிறான்.

உன் விஷயத்திலும் எல்லோரும் கை கழுவித்தான் இருப்பார்கள். அப்புறம் எப்படி? எந்த ஒரு தொடுதலில்? டாக்டரம்மாவுக்கே தெரியாததை நான் யாரிடம் கேட்பேன்?

கயிறுதான் காப்பாற்றியது என்று அத்தை சொல்லித் திரிகிறாள். சொல்லட்டும். ஆனால் உன்னைக் கண்ணு பட்டுப் போனவள் என்று யாராவது சொன்னால் விட மாட்டேன். உனக்கு என்ன நடந்தது என்று உட்கார வைத்துச் சொல்வேன். அவன் வீட்டுக்கு வரும் அன்று, அவனைக் கொஞ்ச வரும் தெருவையே வாளி, சோப்போடு வாசலில் நிறுத்துவேன். இது சத்தியம். வரிசையில் முதல் ஆள் அத்தை.

இப்போது இரண்டு பேருக்கு மூத்தவளான,
உன் அக்கா